அனிமே இசைக் காணொளிகளில் எஃபெக்டும் கருவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஎம்வி என்பது எது? அதில் எஃபெக்ட், கரு என்ற விவாதம் ஏன் எழுகிறது?

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களிலிருந்தும் படங்களிலிருந்தும் காட்சிகளை எடுத்து, வெட்டி, வேறொரு பாடலுக்கு ஏற்ப ரசிகர்கள் அடுக்கிச் செய்யும் காணொளியையே ஏஎம்வி (அனிமே மியூசிக் வீடியோ) என்கிறோம். படத்தை வரைந்தவர்கள் வேறு, பாடலை உருவாக்கியவர்கள் வேறு. எடிட்டருக்குச் சொந்தமானது இரண்டையும் சேர்த்த விதம் மட்டுமே. அந்தச் சேர்க்கையில் எதற்கு முதலிடம் என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. திரை அதிர்வு, ஒளிக்கீற்று, வண்ணப் பிளவு, மெதுவாகி வேகமெடுக்கும் அசைவு ஆகியவற்றில் திறமையைக் காட்டுவதே கலை என்பவர்கள் உண்டு. இந்தப் பாடலை இந்தக் காட்சிகளோடு எதற்காக வைத்தோம் என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் காணொளி நிற்கும் என்பவர்களும் உண்டு. இங்குள்ள விடைகள் இரண்டாவது பக்கம் சாய்ந்தவை.

கரு என்று எதைச் சொல்கிறீர்கள்? கதையைச் சொல்கிறீர்களா?

கதையாக இருக்கலாம்; இருக்க வேண்டும் என்பதில்லை. பாடல் தனியாகச் சொல்லாத, காட்சியும் தனியாகச் சொல்லாத ஏதோ ஒன்றை அவை இரண்டும் சேரும்போது சொல்கின்றன என்றால் அதுவே அந்தக் காணொளியின் கரு.

இதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டே மிகத் தெளிவானதாகவும் இருக்கிறது. 1982-இல் ஜிம் கபோஸ்டஸ் என்ற 21 வயது அமெரிக்க ரசிகர் இரண்டு வீடியோ கேசட் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து, விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ தொடரின் அமெரிக்க வடிவமான ‘ஸ்டார் பிளேசர்ஸ்’ தொடரில் இருந்த வன்முறை மிகுந்த காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ பாடலோடு பொருத்தினார். அன்பு ஒன்றே போதும் என்று பாடல் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் கப்பல்கள் வெடித்துச் சிதறுகின்றன. முதல் ஏஎம்வி என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது இதுதான். இதில் எஃபெக்ட் என்று சொல்லத்தக்க எதுவும் இருக்க வழியில்லை. வெட்டும் ஒட்டும் மட்டுமே அந்தக் கருவிகளால் இயன்றவை. ஆனால் அதைப் பார்த்தே இராத ஒருவரிடம் ஒரே வாக்கியத்தில் இன்று சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

முரண் நகைச்சுவை கருவின் ஒரு வகை மட்டுமே. பக்கத்தில் நிற்கும் ஒரு பாத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவருவது இன்னொரு வகை. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரின் நாயகன் எட்வர்டின் வலக்கையும் இடக்காலும் இயந்திர உறுப்புகள். அவற்றைச் செய்து தருபவளும் பழுதுபார்ப்பவளும் வின்ரி. சண்டைக் காட்சிகளை எடுத்துப் பரபரப்பான பாடலுக்கு அடுக்குவதை யாரும் செய்யலாம். அதே சண்டைகளை, காத்திருப்பவரின் குரலில் அமைந்த ஒரு பாடலுக்கு அடுக்கினால், எட்வர்டின் கை நொறுங்கும் ஒவ்வொரு தருணமும் வின்ரியின் மேசைக்கு வந்து சேரவிருக்கும் வேலையாகவும், அவளுடைய உழைப்பு உடைவதாகவும் தெரியத் தொடங்குகிறது. காட்சிகள் மாறவில்லை, நாம் பார்க்கும் இடம் மாறிவிட்டது.

கதையே இல்லாத கருவும் உண்டு. பிரிவைப் பற்றிய பாடலுக்குப் பல தொடர்களிலிருந்து கதவுகள் திறப்பதையும் மூடுவதையும் மட்டுமே எடுத்து அடுக்கலாம். பாத்திரங்களின் பெயர்கூடப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எஃபெக்ட் என்பதில் எவையெல்லாம் அடங்கும்? தாளத்துக்கு ஏற்ப வெட்டுவதும் எஃபெக்ட்தானா?

வெட்டை எஃபெக்ட் என்று கொள்வதில்லை; அது எழுத்தில் வாக்கியம் போன்ற அடிப்படை. மூலக் காட்சியில் இல்லாத ஒன்றை மென்பொருளால் சேர்ப்பதும், இருப்பதை அடையாளம் மாறும்படித் திரிப்பதுமே எஃபெக்ட்.

ஆனால் தாளத்துக்கு வெட்டுவதிலும் நுணுக்கமான கணக்கு இருக்கிறது. அனிமே பெரும்பாலும் விநாடிக்கு ஏறத்தாழ 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்ற வேகத்தில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாடலில் ஒரு தட்டு சரியாக 12 ஃப்ரேமுக்கு ஒருமுறை விழும்; இது வசதியான எண். நிமிடத்துக்கு 128 தட்டு என்றால் 11.25 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு துண்டையும் 11 ஃப்ரேம் என்று வெட்டிக்கொண்டே போனால் நாலாவது வெட்டில் ஒரு முழு ஃப்ரேம் பிசகும். ஒரு நிமிடம் போவதற்குள் பொருத்தம் கலைந்துவிடும். எனவே 11, 11, 11, 12 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இது கைத்தொழில் அறிவு. இதைக் கற்றுக்கொள்ளாமல் கருவை மட்டும் நம்பி வருபவர்களின் காணொளி, நல்ல யோசனை கெட்டுப்போனதாகவே முடிகிறது.

உதட்டசைவுப் பொருத்தத்தை எங்கே வைப்பது என்பது சுவையான கேள்வி. தொலைக்காட்சி அனிமேயில் பேசும் வாய் பொதுவாக மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்ற மூன்று நிலைகளில் வரையப்படுகிறது. அந்த மூன்றையும் ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்துப் புதிய வரிசையில் அடுக்கினால், பாத்திரம் நமது பாடலைப் பாடுவதுபோல் ஆகிவிடும். இது பெரும் உழைப்பு. பார்ப்பவர் அதை உழைப்பாகக் கவனிக்காமல் பாத்திரம் பாடுகிறது என்று ஏற்றுக்கொண்டால்தான் வெற்றி. இத்தகைய எஃபெக்டுகளின் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

எஃபெக்ட் ஏன் இவ்வளவு விரைவில் பழையதாகிவிடுகிறது?

எஃபெக்டைக் கண்டு வரும் வியப்பில் பெரும்பகுதி, இதை எப்படிச் செய்தார்கள் என்ற வியப்பு. அடுத்த ஆண்டு அதே வேலையை ஒரு பொத்தான் செய்யும்போது அந்தப் பகுதி மறைந்துவிடுகிறது. எஞ்சுவது எதுவோ அதுவே காணொளியின் உண்மையான எடை.

ஏஎம்வியின் வரலாற்றை இந்தக் கோணத்தில் திரும்பிப் பார்க்கலாம். கேசட் காலத்தில் ஒரு வெட்டு சரியான இடத்தில் விழுவதே சாதனை. பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது நாடா சிறிது பின்னால் நகரும். எவ்வளவு நகரும் என்பதைக் கருவியோடு பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் ஒரு துண்டு பிசகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரலாம். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். 1990-இல் அமிகா கணினிக்கான வீடியோ டோஸ்டர் என்ற எடிட்டிங் கருவி வந்தபோது, நட்சத்திர வடிவில் விரிந்து அடுத்த காட்சிக்கு மாறுவது போன்ற மாற்றங்கள் வீட்டுக்குள் வந்தன. அன்று அது தொழில்முறைத் தொலைக்காட்சியின் அடையாளம். இன்று ஒருவர் அதே நட்சத்திர மாற்றத்தை வைத்தால் கேலிக்காக வைத்தார் என்றே பொருள்.

பிறகு அடோபி பிரீமியர், சோனி வேகாஸ், விண்டோஸ் மூவி மேக்கர் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் வந்து வெட்டுவதை எளிதாக்கின. எஃபெக்டுக்கென்றே உள்ள ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் ரசிகர்களின் கைக்கு வந்தபின் பாத்திரத்தை அதன் பின்னணியிலிருந்து ஃப்ரேம் ஃப்ரேமாகக் கத்தரித்து வேறு உலகத்தில் நிறுத்துவதும், ஒளிக்கதிரும் துகள்மழையும் சேர்ப்பதும் தொடங்கின. இரண்டாயிரங்களின் நடுவில் இத்தகைய காணொளிகளை வாய்பிளந்து பார்த்தவர்கள் ஏராளம். அடுத்த பத்தாண்டில் திரை அதிர்வும் சிவப்பு, பச்சை, நீல வண்ணங்கள் பிரிந்து சேர்வதும் வழக்கமாயின. இப்போது கேப்கட் போன்ற செயலிகளில் இவை அச்சு வார்ப்புகளாகக் கிடைக்கின்றன. நமது துண்டுகளைப் போட்டால் அதிர்வு, மின்னல், வேக மாற்றம் அனைத்தும் தாமாக வந்து அமர்கின்றன.

ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் உச்சம் அடுத்த கட்டத்தின் தொடக்கப் பாடமாகிவிடுகிறது. கபோஸ்டஸின் நகைச்சுவைக்கு இந்த நிலை நேரவில்லை. அதை எந்த மென்பொருளும் எளிதாக்கவில்லை.

அப்படியானால் எஃபெக்டே கூடாது என்கிறீர்களா?

இல்லை. எஃபெக்டைக் குறை சொல்லிவிட்டால் கரு தானாக வந்துவிடும் என்று நினைப்பது சோம்பல். கருவே எஃபெக்டைக் கேட்கும் இடங்கள் உண்டு.

வின்ரியின் எடுத்துக்காட்டையே தொடர்வோம். எட்வர்டின் இயந்திரக் கை திரையில் வரும்போதெல்லாம் அதற்கு மட்டும் வண்ணம் இருந்து, மற்றவை அனைத்தும் சாம்பல் நிறமாக இருந்தால் என்ன ஆகும்? ஃப்ரேம் ஃப்ரேமாக அந்தக் கையைக் கத்தரிக்க வேண்டும், அலுப்பூட்டும் வேலை. ஆனால் வின்ரி இந்தச் சண்டையில் எதைப் பார்க்கிறாள் என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு நேரடியாகக் காட்ட இயலாது. அந்த எஃபெக்டை நீக்கினால் காணொளியின் பொருள் குறைகிறது. அதே காணொளியில் ஒவ்வொரு குத்துக்கும் திரையை அதிரவைத்தால், அதை நீக்கினாலும் எதுவும் குறையாது. சொல்லப்போனால், பார்வை வின்ரியிடமிருந்து மறுபடியும் சண்டைக்குத் திரும்பிவிடுகிறது.

ஜப்பானில் மேட் என்று வழங்கும் ரசிகர் காணொளி மரபில் இன்னும் வலுவான சான்று உள்ளது. நிக்கோ நிக்கோ என்ற ஜப்பானியக் காணொளித் தளம் 2006-இல் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மரபு இருந்தது. அதன் ஒரு கிளை, கணினிக் கதை விளையாட்டுகளில் வரும் அசையாத ஓவியங்களை மட்டுமே கொண்டு செய்யப்படுவது. மூலத்தில் அசைவே இல்லை. முடி பறப்பதும், மழை பெய்வதும், கேமரா ஓவியத்துக்குள் நுழைவதும் எடிட்டர் செய்தால்தான் உண்டு. அங்கே எஃபெக்டைக் கழித்துப் பார்ப்பது பொருளற்றது, ஏனென்றால் கழித்தால் மிஞ்சுவது வெறும் படத்தொகுப்பு.

மூலக் காட்சிகளை வரைந்தவர்களின் வேலையை எஃபெக்ட் கெடுக்கிறது என்று சிலர் சொல்வது சரியா?

பல நேரங்களில் சரிதான், குறிப்பாக அசைவின் வேகத்தைத் தொடும் எஃபெக்டுகளில்.

தொலைக்காட்சி அனிமேயில் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும் புதிய ஓவியங்கள் பெரும்பாலும் 8 அல்லது 12 மட்டுமே. ஒரே ஓவியம் மூன்று அல்லது இரண்டு ஃப்ரேமுக்கு நிற்கிறது. இதைச் செலவு குறைக்கும் வழியாக மட்டும் பார்க்கக் கூடாது. எந்த ஓவியத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதில்தான் ஒரு குத்தின் கனமும் ஒரு தயக்கத்தின் நீளமும் இருக்கின்றன. எடிட்டிங் மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் ட்விக்ஸ்டர் போன்ற செருகுநிரல்களும் செயற்கை அறிவால் 60 ஃப்ரேமுக்கு உயர்த்தும் கருவிகளும் இரண்டு ஓவியங்களுக்கு இடையில் இல்லாத ஓவியங்களைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. திடீரெனப் பாய வேண்டிய கை ரப்பர்போல வழிந்து போகிறது. கோட்டுருவங்கள் இரட்டையாகின்றன, பாத்திரத்தைச் சுற்றிப் பின்னணி உருகுகிறது. மெல்லிய காட்சிகளில், அதாவது காற்றில் அசையும் துணி, நடந்து செல்லும் உருவம் போன்றவற்றில், இது அழகாக அமைவதும் உண்டு. சண்டைக் காட்சியில் பெரும்பாலும் அமைவதில்லை.

இன்னொன்று: பல அனிமேட்டர்கள் அதிர்வையும் மின்னலையும் தாங்களே வரைந்திருக்கிறார்கள். மோதும் கணத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேமுக்கு மட்டும் கறுப்பு வெள்ளையாக மாறும் படம், சதுரக் கட்டிகளாகச் சிதறும் இடிபாடு போன்றவற்றுக்குப் பெயர்பெற்ற யுடகா நகமுராவின் காட்சியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் மென்பொருள் அதிர்வைப் போடுபவர், தாம் எதை மறைக்கிறோம் என்று ஒருமுறை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்க்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. ‘நியான் ஜெனசிஸ் எவாஞ்செலியன்’ தொடரின் 24-ஆம் பகுதியில், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலித்துக்கொண்டிருக்க, இயந்திரத்தின் கையில் ஒருவன் பிடிபட்டிருக்கும் ஒரே படம் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது நமக்குத் தெரியும். அது நடக்காமலிருக்கும் ஒவ்வொரு விநாடியும் கனக்கிறது. இசையையும் படத்தையும் சேர்ப்பதில் இதைவிடத் துணிவான முடிவுகள் குறைவு. ஏஎம்வி செய்பவர்களில் எத்தனை பேர் ஒரு படத்தைப் பத்து விநாடி தொடாமல் விடத் துணிகிறோம்?

போட்டிகளிலும் சமூக ஊடகங்களிலும் எஃபெக்ட் நிறைந்தவைதானே வெற்றி பெறுகின்றன?

இரண்டும் வேறு வேறு சூழல்கள். சேர்த்துப் பேசுவது குழப்பும்.

ஒடாகான், அனிமே வீக்கெண்ட் அட்லாண்டா, பாரிஸ் அருகே நடக்கும் ஜப்பான் எக்ஸ்போ போன்ற ரசிகர் மாநாடுகளில் ஏஎம்விகள் இருண்ட அரங்கில், பெரிய திரையில், நிறைந்த கூட்டத்துக்கு நடுவே காட்டப்படுகின்றன. ஆக்‌ஷன், நகைச்சுவை, உணர்ச்சி, காதல், ட்ரெய்லர் என்று பிரிவுகள் இருப்பது வழக்கம். அங்கே பார்வையாளர் ஒருமுறைதான் பார்க்கிறார். அந்த ஒருமுறையில் கூட்டம் முழுவதும் சேர்ந்து சிரித்தால் அந்தக் காணொளி நினைவில் தங்கும். ஆகவே அரங்கில் கண்ணைப் பறிக்கும் எஃபெக்டுக்கு இணையாக, சொல்லப்போனால் அதற்கும் மேலாக, ஒரே பார்வையில் புரியும் நகைச்சுவைக் கரு செல்லுபடியாகிறது. சில மாநாடுகளில், ஜப்பானியச் சமையல் போட்டி நிகழ்ச்சியின் பெயரைக் கடன்வாங்கி, சில மணி நேரத்துக்குள் காணொளி முடித்துத் தர வேண்டிய போட்டிகளும் நடந்திருக்கின்றன. அங்கே கத்தரிக்கவும், கனத்த எஃபெக்டுகளைக் கணினி ரெண்டர் செய்து (இறுதிக் காணொளியாக்கி) முடிக்கவும் நேரமில்லை. யாரிடம் யோசனை இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

கைப்பேசித் திரையின் நிலைமை வேறு. அங்கே முதல் இரண்டு விநாடிக்குள் விரலை நிறுத்தியாக வேண்டும். கரு விரிவதற்கு அவகாசம் கிடையாது. எனவே 15 விநாடித் துண்டில் அதிர்வும் மின்னலும் ஆட்சி செய்வதில் வியப்பில்லை. அதைத் தாழ்த்திச் சொல்லவும் வேண்டியதில்லை. அது வேறு வடிவம், அதற்கென்று திறமைகள் உண்டு. ஆனால் அங்கே கிடைக்கும் பார்வை எண்ணிக்கையைக் கொண்டு நாலு நிமிடக் காணொளியை எப்படிச் செய்வது என்று முடிவெடுத்தால், நாலு நிமிடமும் முதல் இரண்டு விநாடியாகவே இருக்கும்.

கருவும் பழையதாகாதா?

ஆகும். கரு என்ற பெயரில் வருபவை அனைத்தும் சாகாவரம் பெற்றவை என்று கொள்ள வேண்டாம்.

அன்புப் பாடலுக்கு வன்முறைக் காட்சி என்பது 1982-இல் ஒரு கண்டுபிடிப்பு. அதையே நூறாவது முறை செய்தால் அது ஒரு சூத்திரம். ‘டிராகன் பால் இசட்’ சண்டைகளை லிங்கின் பார்க் என்ற ராக் குழுவின் பாடல்களுக்கு அடுக்குவது இரண்டாயிரங்களில் இணையம் முழுக்கப் பரவி, கடைசியில் அதுவே ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது. முதலில் செய்தவர்களைக் குறை சொல்ல இயலாது. கோபமான இளைஞனின் குரலும் அடிபட்டு எழும் வீரனின் உருவமும் இயல்பாகவே பொருந்தின. சிக்கல், அந்தப் பொருத்தம் மிக எளிதாக இருந்ததில்தான். யோசிக்கும்போது முதலில் தோன்றும் இணைப்பு பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் தோன்றியதாகவே இருக்கும்.

அன்றைய ஒரு படத்தின் ட்ரெய்லரைப் பகடி செய்யும் காணொளிகளும் அப்படித்தான். மூல ட்ரெய்லரை மக்கள் மறந்ததும் பகடியின் பாதி போய்விடுகிறது. ஒரு காணொளியின் கரு வெளியே உள்ள எவ்வளவு விஷயங்களைச் சார்ந்திருக்கிறதோ அவ்வளவு விரைவில் அது மங்கும். பாடலுக்குள்ளும் காட்சிக்குள்ளுமே விடை இருக்கும் கரு அதிக நாள் தாங்குகிறது.

என் கரு வலுவானதா என்பதை எடிட் செய்யத் தொடங்கும் முன்பே அறிய வழி உண்டா?

சில சோதனைகள் உதவும், எவையும் உத்தரவாதமல்ல.

முதலில், செய்யப்போகும் காணொளியை அனிமே பார்க்காத ஒருவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். “இந்தத் தொடரை இந்தப் பாடலுக்கு எடிட் செய்கிறேன்” என்பது வாக்கியமாகாது; அதில் எடிட்டரின் யோசனை எதுவும் இல்லை. “வெற்றியைக் கொண்டாடும் பாடலில் தோற்றவர்களின் முகங்களை மட்டும் காட்டப்போகிறேன்” என்றால் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஏதோ ஒன்று ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்தது சற்றுக் கடுமையானது. காணொளியில் பாதியாவது முடிந்தபின் பாடலை எடுத்துவிட்டு, அதே வேகமுள்ள வேறொரு பாடலை வைத்துப் பாருங்கள். புதிய பாடலும் அதே அளவு பொருந்தினால், உங்கள் எடிட் தாளத்தோடு மட்டுமே உறவு வைத்திருக்கிறது. பாடலின் சொல்லோடோ உணர்வோடோ வளர்ச்சியோடோ அதற்கு உறவில்லை என்று பொருள். எஃபெக்டை மையமாகக் கொண்ட காணொளிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் விழுகின்றன. கருவை நம்பியதாகச் சொல்லிக்கொள்ளும் காணொளிகளும் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே விழுகின்றன.

மூன்றாவதாக, நடுப்பகுதியைப் பாருங்கள். நல்ல யோசனைகளில் பல ஒரு நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. நகைச்சுவை புரிந்தபின் மீதி மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது? பாடலின் இரண்டாம் பகுதியில் கரு திரும்பாவிட்டாலோ ஆழமாகாவிட்டாலோ, அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் எஃபெக்ட் அழைக்கப்படுகிறது. அதற்குப் பதிலாகப் பாடலை வெட்டிக் குறைப்பதே நல்லது. மிகச் சிறிய நகைச்சுவைத் துண்டுகளை அடுக்கி, பல எடிட்டர்களின் பங்களிப்போடு 2004 முதல் வெளிவந்த ஏஎம்வி ஹெல் தொகுப்புகள் இதை நன்கு புரிந்துகொண்டவை: சிரிப்பு முடிந்த கணத்திலேயே அடுத்த துண்டுக்குப் போய்விடுகின்றன.

தமிழ்ப் பாடல்களை வைத்து ஏஎம்வி செய்யும்போது தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

உண்டு, இது நம்மவர்கள் அதிகம் பேச வேண்டிய இடம்.

நாம் பெரும்பாலும் எடுப்பது திரைப்பாடல்களை. அந்தப் பாடலுக்கு ஏற்கெனவே ஒரு படமாக்கம் இருக்கிறது. கேட்பவர் மனத்தில் நாயகனின் முகமும் நடனமும் அந்தப் படத்தின் கதைச்சூழலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அனிமேக் காட்சி அந்த நினைவோடு போட்டியிட்டாக வேண்டும். இதைக் கண்டுகொள்ளாமல் செய்தால், பார்ப்பவர் நமது காணொளியைப் பார்த்துக்கொண்டே மனத்துக்குள் வேறு படம் பார்ப்பார். தெரிந்தே பயன்படுத்தினால் இது ஒரு செல்வம்: நாயகன் அறிமுகப் பாடலின் ஆரவாரத்தை, எதிலும் வெல்லாத ஒரு பாத்திரத்துக்கு வைக்கும்போது, பார்ப்பவர் நினைவில் உள்ள நாயகனும் அந்தக் கருவில் பங்குகொள்கிறான்.

அடுத்தது சொல். ஆங்கிலப் பாடலில் பாதி வரிகள் நம் காதில் ஓசையாக மட்டும் கடந்துபோகலாம். தமிழ்ப் பாடலில் ஒவ்வொரு வரியும் பொருளோடு வந்து விழும். மழை என்றால் மழையையும், நிலா என்றால் நிலாவையும் காட்டும் ஆசை வருவது இயல்பு. சொல்லுக்குச் சொல் படம் காட்டுவது முதல் சில வரிகளில் இனிக்கும். பாடல் முழுவதும் தொடர்ந்தால் பாடநூல் படவிளக்கம் ஆகிவிடும். அவன், அவள் என்ற வேறுபாடு தமிழில் படர்க்கை வினைச்சொல்லிலும் வெளிப்பட்டுவிடுவதால், யார் யாரைப் பாடுகிறார் என்பதைப் பல பாடல்களில் மழுப்புவது கடினம். யாருடைய குரல் என்பதை எடிட்டர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் இடையிசையைப் பலர் எஃபெக்டுக்கான திறந்தவெளியாகக் கருதுகிறார்கள். சொல் இல்லாத அந்தப் பகுதியில்தான் கதை நகர இடம் கிடைக்கிறது. காலம் கடந்ததைக் காட்டவும், பாத்திரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போனதைக் காட்டவும் அதைவிட நல்ல இடம் பாடலில் கிடையாது.

ஒரே தொடரிலிருந்து எடுப்பது நல்லதா, பல தொடர்களைக் கலப்பதா?

கருவே சொல்லும். ஒரு பாத்திரத்தைப் பற்றியது என்றால் ஒரே தொடர். பொதுவான ஓர் உணர்வையோ உருவத்தையோ பற்றியது என்றால் பல. நிறைய மூலம் இருக்கிறது என்பதற்காகக் கலப்பதில் பயனில்லை.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் கற்க வேண்டும்?

வெட்டு. ஒரு முழுக் காணொளியை வெட்டு மட்டுமே கொண்டு, ஒரு மங்கல் மாற்றம்கூட இல்லாமல், முடித்துப் பாருங்கள். எந்தக் காட்சியை எங்கே முடிக்கிறோம், அடுத்த காட்சியில் கண் எங்கே போய் விழுகிறது, அசைவின் திசை தொடர்கிறதா முறிகிறதா என்பவை அப்போதுதான் தெரியவரும். அசைவின் நடுவில் வெட்டினால் தாளம் கூடும். அசைவு அடங்கியபின் வெட்டினால் பாடல் மூச்சு விடும்.

பிறகு மூலத்தை முழுதாகப் பாருங்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் காட்சித் தொகுப்புகள் நேரத்தைச் சேமிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தொகுத்தவர் சண்டை, கண்ணீர், முகக்குளோசப் என்று எல்லோரும் கேட்பதைத்தான் எடுத்திருப்பார். வின்ரி மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் காட்சி போன்றவை அதில் கிடைக்காது. கரு பெரும்பாலும் அத்தகைய காட்சிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

எஃபெக்டை அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்கலாம், தேவை வரும் வரிசையில்.

நிலைத்து நிற்கும் கரு என்கிறீர்கள், காணொளியே நீக்கப்பட்டுவிட்டால்?

நியாயமான கேள்வி. ஏஎம்வி எடிட்டர் பயன்படுத்துவது பிறருடைய படமும் பிறருடைய பாடலும். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. 2005 நவம்பரில் விண்ட்-அப் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம், எவனெசன்ஸ் குழு முதலிய தங்கள் கலைஞர்களின் பாடல்களைப் பயன்படுத்திய காணொளிகளை நீக்கும்படி, 2000-இல் தொடங்கப்பட்ட அனிமே மியூசிக் வீடியோஸ் டாட் ஆர்க் தளத்துக்குக் கோரிக்கை அனுப்பியது. ஆயிரக்கணக்கான காணொளிகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. யூடியூபில் 2007 முதல் உள்ள தானியங்கி அடையாளம் காணும் முறை, பாடலை அறிந்துகொண்டு ஒலியை அணைக்கவோ காணொளியைத் தடுக்கவோ உரிமையாளருக்கு வழி தருகிறது. அமெரிக்காவில் 2010 முதல், வணிக நோக்கமற்ற காணொளிகளுக்காக நகலெடுப்பதைத் தடுக்கும் டிவிடியின் பூட்டைத் திறந்து சிறு பகுதிகளை எடுப்பதற்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது பூட்டைத் திறப்பது பற்றியது மட்டுமே, பாடல் உரிமையைத் தீர்த்துவைப்பதன்று.

எனவே ஒரு தளத்தில் ஏற்றிவிட்டதைப் பாதுகாத்துவிட்டதாக எண்ண வேண்டாம். சுருக்கப்படாத அல்லது மிகக் குறைவாகச் சுருக்கப்பட்ட முதன்மைப் பிரதி ஒன்றை இரண்டு வேறு வன்தட்டுகளில் வையுங்கள். எடிட்டிங் மென்பொருளின் திட்டக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். பத்தாண்டு கழித்து அந்தப் பதிப்பும் செருகுநிரல்களும் திறக்காமல் போகலாம், முதலில் திறக்காமல் போவது எஃபெக்ட் அடுக்குகளே. எந்தத் தொடரின் எந்தப் பகுதியில் எந்த நிமிடத்திலிருந்து எந்தத் துண்டு எடுக்கப்பட்டது என்ற பட்டியலை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி அதனுடன் வையுங்கள். அந்தப் பட்டியலும் பாடலும் இருந்தால், உயர்ந்த தரத்தில் மூலம் மறுபடி வெளியாகும்போது அதே காணொளியைப் புதிதாக வெட்டி எடுக்க முடியும். வெட்டுகளால் மட்டுமே ஆன காணொளிக்கு இந்த வேலை சில நாட்களில் முடிந்துவிடும்.